புகை போட்ட கடிதங்கள்

தேங்காயைக் கட்டாமல், தைக்காமல், அப்படியே தபாலில் அனுப்பலாம் என்று 1979-இல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கவுண்டரைச் சாத்திவிட்டு எழுந்து போயிருப்பேன். முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவள் நான். துணியில் தைக்காமல், அரக்கு வைக்காமல் வந்த பார்சல்களைத் திருப்பி அனுப்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஹவாய்த் தீவுகளில் ஒன்று மொலோக்காய். அங்கே ஹோஒலேஹுவா என்ற சிற்றூரின் அஞ்சலகத்தில் உரிக்காத தேங்காய்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். காய் இலவசம். பக்கத்திலேயே கலர் கலராக மார்க்கர் பேனாக்கள். மட்டையின் மேல் விலாசம் எழுதி, இஷ்டமிருந்தால் ஒரு மீனோ பூவோ வரைந்து நீட்டினால், நிறுத்துப் பார்த்து, காயின் உடம்பெல்லாம் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். 1991 முதல் இது நடக்கிறது. டெக்சாஸில் இருக்கும் தம்பி மகனுக்கு ஒன்று அனுப்பினேன். பதினைந்து டாலர் சொச்சம் ஆயிற்று.

"ஒரு தேங்காய்க்கு ஆயிரம் ரூபாயாம்மா?" என்றாள் மகள்.

"தேங்காய் சும்மாடி. ஆயிரம் ரூபாய் தபாலுக்கு."

ஹொனலூலுவில் வேலை பார்க்கும் அவளிடம் நான் ஒன்றுதான் கேட்டிருந்தேன். கடற்கரை வேண்டாம், எரிமலை வேண்டாம், கலாவுபாபாவுக்கு அழைத்துப் போ. 2017 ஏப்ரலில் அது வாய்த்தது.

மொலோக்காயின் வடக்கு ஓரத்தில் தீவு திடீரென்று அறுந்துபோகிறது. சுவர் மாதிரி ஒரு மலைச்சரிவு. அதன் காலடியில், நாக்கை நீட்டியதுபோலக் கடலுக்குள் ஒரு தட்டை நிலம். அதுதான் கலாவுபாபா. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் அந்தச் சுவர். இந்த நாக்கில்தான் 1866 முதல் 1969 வரை, நூறு வருஷத்துக்கு மேலாக, ஹவாயின் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 8,000 பேர். பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடிகள். அங்கே ஓர் அஞ்சலகம் உண்டு, இன்றும். அமெரிக்கத் தபால் குறியீட்டெண் 96742. அதைத்தான் பார்க்க வந்தேன்.

ஏன் என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் முதல் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த ஊரின் பெயர் வேண்டாம். சுடுகாட்டைத் தாண்டி, பெருநோய்க்காரர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கார்டு வரும். அவற்றைத் தனியாக ஒதுக்கி, பழைய மணியார்டர் ஃபாரம் ஒன்றை மடித்து இடுக்கி மாதிரி பிடித்துக்கொண்டுதான் முத்திரை குத்துவோம். மேசைக்கடியில் டெட்டால் பாட்டில். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை, எந்த அதிகாரியும் சொல்லித்தரவும் இல்லை. எனக்கு முந்தி இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். மணியார்டர் பணம் கொடுக்க, கையெழுத்துத் தெரியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். பெருவிரலே இல்லாதவரிடம் எதை வாங்குவது என்று தபால்காரர் வந்து நிற்பார். இருக்கிற விரலில் வாங்கி, எந்த விரல் என்று எழுதி, சாட்சி போடச் சொல்வேன். அந்த ஃபாரத்தையும் இடுக்கியால்தான் பிடிப்பேன்.

மலைப்பாதையில் 26 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 500 மீட்டர் இறக்கம். அப்போது கோவேறு கழுதைமேல் ஏறியும் போக முடிந்தது, நடந்தும் போக முடிந்தது. கழுதை முதுகில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்ப்பதைவிட என் முட்டியை நம்புவது மேல் என்று நடந்தோம். மரக்கட்டை பதித்த படிகள், சிவப்புச் சேறு, கழுதைச் சாணம். திரும்பும் இடத்திலெல்லாம் கீழே கடல் கொஞ்சம் பெரிதாகும், அலைச் சத்தம் கொஞ்சம் கிட்டே வரும். கழுதைகள் வந்தால் மலைப்பக்கம் ஒண்டி நிற்க வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதியே கிடையாது. குழந்தைகள் வரக்கூடாது என்பதில் ஒரு பழைய வலி இருக்கிறது என்பது கீழே போன பிறகுதான் விளங்கிற்று.

அடிவாரத்தில் கருமணல் கடற்கரை. அங்கிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட பஸ். ஓட்டுநரே வழிகாட்டி, மேலே ஊரில் வாழும் மொலோக்காய்க்காரர். ஏறியதும் முதலில் சொன்னது: "யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இது மியூசியம் இல்லை, இவர்கள் வீடு." அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கலாவுபாபா இருக்கும் இந்த நிலம் கலாவாவோ என்ற தனி மாவட்டம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 90. மாவட்டத்துக்குத் தேர்தல் கிடையாது, மன்றம் கிடையாது. ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறைதான் ஆட்சி. துறையின் இயக்குநரே மேயரின் இடத்தில் இருப்பவர். ஷெரீஃபை நியமிப்பதும் அவர்கள்தான். நம் ஊரில் சுகாதார ஆய்வாளர் வந்து கொசு மருந்து அடித்துவிட்டுப் போவார். அவரே கலெக்டராகவும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இப்போது இந்தச் சுகாதாரத் துறை ஆட்சி ஒரு விநோதமாக மிஞ்சியிருக்கிறது. முன்பு அது விநோதமில்லை. 1865 ஜனவரி 3 அன்று ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் தொழுநோய் பரவாமல் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசர் ஹவாய்க்காரர், நாட்டை நடத்திய யோசனைகளில் பெரும்பங்கு வந்து குடியேறிய வெள்ளையருடையது. சுகாதார வாரியம் யாரையும் சந்தேகத்தின் பேரில் பிடிக்கலாம், சோதிக்கலாம், அனுப்பலாம். அடுத்த ஜனவரியில் முதல் 12 பேர், ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள், நாக்கின் கிழக்குக் கரையில் இறங்கினார்கள். நிலம் இருக்கிறது, பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்கள் என்பது வாரியத்தின் கணக்கு. கையும் காலும் மரத்துப்போனவர்கள் கிழங்கு நடுவார்கள் என்று கணக்குப் போட்ட அந்தக் குமாஸ்தாவை எனக்குத் தெரியும்; எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்.

1893-இல் வெள்ளை வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து லிலியுவொகலானி அரசியைக் கவிழ்த்தார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளை எடுத்துக்கொண்டது. தபால்காரிக்கு இதெல்லாம் அஞ்சல்தலையில்தான் தெரியும். கவிழ்த்தவர்கள் புதுத் தலை அச்சடிக்கும்வரை காத்திருக்கவில்லை. அரசியின் படம் போட்ட தலைகளின் மேலேயே 'தற்காலிக அரசு 1893' என்று அச்சுக் குத்தி விற்றார்கள். முகம் அப்படியே, மேலே எழுத்து. அஞ்சல்தலைக் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சரித்திரப் புத்தகம் வேண்டாம்.

சுகாதார வாரியத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இன்னொன்று. 1899 டிசம்பரில் ஹொனலூலுவில் பிளேக் வந்தது. வாரியத்துக்கு முழு அதிகாரமும் கொடுத்தார்கள். நோய் கண்ட வீடுகளை ஒவ்வொன்றாக எரித்தார்கள். 1900 ஜனவரி 20 அன்று காற்று திரும்பி, ஒரு தேவாலயக் கோபுரத்தில் தீ பற்றி, சீனர் பேட்டை முழுக்க எரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். தீப்பெட்டியைக் கிழித்தது சுகாதார இலாகா.

சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹவாயில் எழுத்தறிவு அபாரம். மிஷனரிகள் மொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்த ஒரு தலைமுறைக்குள் ஹவாய் மக்கள் தங்கள் மொழியில் பத்திரிகை படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். ஆகவே பாறைச்சுவருக்குக் கீழே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் வாயில்லாப் பூச்சிகள் அல்ல, கடிதம் எழுதுகிறவர்கள். உணவு வரவில்லை, வீடு இல்லை, இன்னார் இறந்தார் என்று 'கா நுபெபா குவோகோவா' போன்ற ஹவாய்மொழிப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். அந்தப் பத்திரிகையை 1861-இல் தொடங்கியவர் ஹென்றி விட்னி. அவர் யார் தெரியுமா? ஹவாயின் முதல் போஸ்ட்மாஸ்டர். 1851-இல் ஹவாயின் முதல் அஞ்சல்தலைகள், 2, 5, 13 சென்ட், அவர் காலத்தில்தான் வெளிவந்தன. மெல்லிய தாளில் ஏனோதானோவென்று அச்சடித்தவை. 2 சென்ட் தலை இன்று உலகத்தில் பதினைந்து சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. விலை கேட்டால் மயக்கம் வரும். தபால்பையைத் திறந்தவரே பத்திரிகையையும் திறந்தார் என்பதில் எனக்கு ஒரு ஜாதி அபிமானம், தபால்கார ஜாதி.

வாரியத்துக்கும் கடிதங்கள் போயின. அவை பலவும் ஹொனலூலு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணவனை அனுப்பிவிட்டீர்கள், நானும் கூடப் போகிறேன், அனுமதி கொடுங்கள் என்று மனைவி எழுதுவாள். மகன் கேட்பான், தாய் கேட்பாள். இப்படிக் கூட வந்து பணிவிடை செய்தவர்களை 'கோகுவா' என்பார்கள். உதவி என்று பொருள். நோயில்லாதவர்கள், தாமாகவே அந்த நாக்கில் போய் விழ மனுப் போட்டார்கள். ஹவாய் மொழியில் இந்த நோய்க்கு ஒரு பெயர், குடும்பத்தைப் பிரிக்கிற நோய். உடம்பில் என்ன செய்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லவே இல்லை.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் பீட்டர் காயேயோ. அரச குடும்பம். பிரபுக்கள் அவை உறுப்பினர். நான்காம் கமேஹமேஹாவின் விதவையான எம்மா அரசிக்கு ஒன்றுவிட்ட சகோதரர். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று காட்டவோ என்னவோ, 1873-இல் அவரையும் அனுப்பினார்கள். வேலையாட்களோடு தனி வீட்டில் இருந்தார். அந்த வசதி மற்றவர்களுக்குக் கிடையாது. அங்கிருந்து எம்மாவுக்கு எழுதினார், எம்மா அவருக்கு எழுதினார். இரண்டு பக்கமும் காப்பாற்றப்பட்டு 1976-இல் ஒரே புத்தகமாக வந்திருக்கிறது. சாதாரணமாக ஒரு பக்கம்தான் மிஞ்சும். ஒருவர் பத்திரப்படுத்துவார், ஒருவர் அடுப்பில் போடுவார். இங்கே கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. மழை, உடம்பு, சாப்பாடு, யார் செத்தார்கள், ஹொனலூலுவில் யார் என்ன பேசினார்கள். 1874 பிப்ரவரியில் மன்னர் லுனலிலோ இறந்து, எம்மா அரியணைக்குப் போட்டியிட்டு, கலாகாவுவிடம் தோற்றார். அந்தச் செய்திகூட பீட்டருக்குக் கப்பல் வந்தால்தான். அலை பெரிதாக இருந்தால் கப்பல் கரை ஒதுங்காது. கப்பல் கண்ணுக்குத் தெரியும், கடிதம் அதில் இருக்கும், ஆனால் கைக்கு வராது. எங்கள் ஊரில் வெள்ளம் வந்து பாலம் அறுந்தபோது அக்கரையில் தபால் வண்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள்தான். அதற்கே ஊர் தவித்தது. 1876-இல் பீட்டரை விடுவித்தார்கள். அவைக்குத் திரும்பினார், 1880-இல் இறந்தார்.

அதே 1873-இல்தான் மே மாதம் டேமியன் பாதிரியார் கலாவாவோவில் இறங்கினார். பெல்ஜியத்துக்காரர், 33 வயது. அதே வருஷம், உலகத்தின் மறுகோடியில் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியை நுண்நோக்கியில் கண்டார். நோய்க்குக் காரணம் தெரிந்த வருஷத்தில்தான் காரணம் தெரியாமல் இத்தனை பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். டேமியனும் சளைக்காமல் எழுதியவர். மரம் அனுப்புங்கள், துணி அனுப்புங்கள், தண்ணீர்க்குழாய் அனுப்புங்கள் என்று வாரியத்துக்கு எழுதி எழுதி அவர்கள் பொறுமையைச் சோதித்தார். தாய்நாட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சேறி, லண்டனிலிருந்து பணம் வரத் தொடங்கியபோது வாரியத்துக்கு அது ரசிக்கவில்லை. சொந்த நாட்டின் மானம் போகிறதாம். பணத்தின் அளவைவிடக் கடிதம் வெளியே போனதுதான் அவர்களை உறுத்தியிருக்க வேண்டும்.

1889 ஏப்ரல் 15 அன்று அதே நோயால் அவர் இறந்தார். சில வாரங்கள் கழித்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் வந்து ஒரு வாரம் தங்கினார். அந்த ஆகஸ்டில் ஹொனலூலுப் பாதிரியார் ஹைட் என்பவர் டேமியனைத் தூற்றி ஒரு நண்பருக்குத் தனிக்கடிதம் எழுத, அது பத்திரிகையில் வந்துவிட்டது. சிட்னியில் இருந்த ஸ்டீவன்சன் 1890-இல் அதற்குப் பகிரங்கக் கடிதமாகப் பதில் போட்டார். பதில் பிரமாதம்தான், உலகம் முழுக்கப் படித்தது. ஆனால் ஒருவருக்கென்று எழுதி ஒட்டிய கடிதம் ஊருக்குப் போனது தப்பு என்று எனக்குள் இருக்கும் தபால்காரி இன்னும் முணுமுணுக்கிறாள், எழுதியவர் ஹைட்டாகவே இருந்தாலும்.

கடிதத்தின் பலம் இன்னொருவர் விஷயத்தில் வேறுமாதிரி. ஜோசஃப் டட்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். 1886-இல் டேமியனுக்கு உதவியாக வந்து 44 வருஷம் இங்கேயே இருந்தார். அவருக்கு நோய் கிடையாது. உலகம் முழுக்கக் கடிதம் எழுதுவதுதான் வெளியுலகத்தோடு அவருக்கு இருந்த ஒட்டு. 1908-இல் அமெரிக்காவின் வெள்ளைக் கப்பற்படை உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உத்தரவுப்படி 16 போர்க்கப்பல்கள் வழி விலகி வந்து, அவருக்கு மரியாதையாக இந்த நாக்கின் முன்னால் அணிவகுத்துப் போயின. கரையில் நின்று பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அப்போது பார்வை இருந்ததோ.

பஸ் ஊருக்குள் திரும்பியது. வெள்ளையடித்த சிறு வீடுகள், வேலியோரம் செம்பருத்தி, ஆளில்லாத வீதிகள். அஞ்சலகத்தைக் கடக்கும்போது வழிகாட்டியிடம் மெல்லக் கேட்டேன், "கடிதங்களுக்குப் புகை போட்டதாகப் படித்தேனே?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வெளியே போனவற்றுக்கு. உள்ளே வந்தவற்றுக்கு இல்லை."

நோயாளிகளின் கடிதங்கள் கிருமிநாசினிப் புகையில் வைக்கப்பட்ட பிறகுதான் கப்பலேறும். இந்தப் பழக்கம் இவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பியத் துறைமுகங்களில் பிளேக், காலரா காலங்களில் கடித உறையை உளியால் கீறி, ஆணிப்பல் வைத்த தட்டால் துளைத்து, கந்தகப் புகை காட்டியோ வினிகரில் நனைத்தோ அனுப்பியிருக்கிறார்கள். துளையும் கறையும் உள்ள அந்தக் கடிதங்களுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். காகிதத்தில் தொழுநோய் ஏறிப் போவதில்லை. நீண்ட நாள் நெருங்கிப் பழகினால்தான், அதுவும் 100-இல் 95 பேருக்கு இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கையிலே வாங்கும்போதே மருந்து நாற்றம் அடிக்கும் கடிதத்தைத் தாய் மோந்து பார்த்திருப்பாள். வீட்டில் மற்றவர்களுக்கு அந்த நாற்றமே விலாசம் சொல்லியிருக்கும். பிரிக்காமலே யாராவது அடுப்பில் போட்டிருக்கலாம்.

இவர்களிடமாவது ஒரு புகைப்பெட்டி இருந்தது, ஒரு உத்தரவு இருந்தது. எங்களிடம் மடித்த மணியார்டர் ஃபாரம்தான் இருந்தது.

பார்க்க வரும் உறவினர்களுக்கும் இதே ஏற்பாடு. நடுவில் கம்பிவலை போட்ட நீண்ட மேசை. இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள். தொடக்கூடாது. இங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து உடனே எடுத்துப் போனார்கள். குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்ற விதியின் பழைய வலி என்று சொன்னேனே, அது இதுதான்.

கிழக்குக் கரையில் கலாவாவோ குடியிருப்பு. டேமியனின் புனித ஃபிலோமினா தேவாலயம். தரைப்பலகைகளில் சதுரம் சதுரமாகத் துளைகள். நோயாளிகளுக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பூசை நடுவே எழுந்து வெளியே போக வெட்கப்பட்டு அவர்கள் கோயிலுக்கே வராமல் இருந்துவிடக்கூடாது என்று அவரே வெட்டியவை. எச்சில் துப்ப ஒரு துளை. நான் பார்த்த கோயில்களில் இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்தில் அவர் கல்லறை. உடலை 1936-இல் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1995-இல் வலது கை மட்டும் திரும்பி வந்து இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது.

கடலைப் பார்த்த புல்வெளியில் எல்லாரும் கொண்டுவந்ததைச் சாப்பிட்டோம். கடை கிடையாது. மகள் கட்டிவந்த எலுமிச்சை சாதத்தின் வாசனைக்குப் பக்கத்து மேசைக்காரர் இரண்டு தடவை திரும்பினார். எதிரே கடலிலிருந்து செங்குத்தாக எழும்பிய இரண்டு பாறைத் தீவுகள், பின்னால் வரிசை வரிசையாகப் பச்சை மலைச்சுவர்கள். இவ்வளவு அழகான இடத்தைச் சிறையாக்க மனசு வந்ததே என்று எல்லாரும் சொல்கிறார்கள். அழகைப் பார்த்து யாரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. தப்ப முடியாது என்பதைப் பார்த்துத்தான்.

அமெரிக்க அரசு இங்கே ஒரு கூத்தும் அடித்தது. 1905-இல் பணம் ஒதுக்கி, பெரிய ஆராய்ச்சி நிலையம் கட்டி, 1909-இல் மின்விளக்கு சகிதம் திறந்தார்கள். சுற்றிலும் இரட்டை வேலி. மொத்த நோயாளிகளில் உள்ளே வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களும் நாலு நாளில் சலித்து வெளியேறிவிட, 1913-இல் கதவைச் சாத்தினார்கள். ஊரில் வந்து மனிதர்களோடு பேசாமல் கட்டடம் கட்டினால் இப்படித்தான்.

மருந்து என்று ஒன்று வந்த வழியில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. சால்மூக்ரா எண்ணெய். பர்மா, அசாம் பக்கத்து மரத்தின் விதையிலிருந்து வருவது. அதன் நெருங்கிய உறவுதான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் நீரடிமுத்து. சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து வல்லாதி மெழுகு என்று தோல் நோய்களுக்குக் கொடுப்பார்களே, அந்த நீரடிமுத்து. எண்ணெயைக் குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும். ஹவாய்க் கல்லூரியில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண், 23 வயதில், அதை உடம்பில் கரையும்படி மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். எழுதி வெளியிடுவதற்கு முன், 1916 டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். கல்லூரித் தலைவர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்து தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். 1922-இல் ஹோல்மன் என்ற மருத்துவர் அதை 'பால் முறை' என்று எழுதியும், பல்கலைக்கழகம் ஆலிஸைக் கௌரவிக்க 2000 ஆயிற்று. விலாசம் மாற்றி ஒட்டிய தபால் உரியவருக்குப் போய்ச்சேர எண்பத்து நாலு வருஷம். உண்மையான குணம் 1946-இல் சல்ஃபோன் மருந்துகளோடு வந்தது. தனிமைச் சட்டம் 1969-இல்தான் போனது. இடையிலுள்ள 23 வருஷத்தை எந்தக் கோப்பு விழுங்கியதோ.

சட்டம் போன பிறகும் பலர் போகவில்லை. எங்கே போவது? வாழ்நாள் முழுக்க இங்கேயே இருக்கலாம் என்று அரசு வாக்களித்தது. 1980-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இன்று மிஞ்சியிருக்கும் முன்னாள் நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், வயதானவர்கள். வருஷத்துக்கு ஒரே தடவை கோடையில் சரக்குப் படகு வரும். ஃபிரிட்ஜ், கார், சிமெண்ட், பீர் எல்லாம் அதில்தான். அன்று ஊரே கரையில் நிற்குமாம், திருவிழா மாதிரி. மற்றபடி சிறு விமானம். தபாலும் அதில்தான்.

புத்தகக் கடையில் ஒரு பட அட்டை வாங்கினேன். ஹோஒலேஹுவாவில் முதல் நாளே வாங்கி வைத்திருந்த சர்வதேச அஞ்சல்தலை பர்சில் இருந்தது. வட்டமாக, பொட்டு மாதிரி. என் பழைய அலுவலகத்தில் என்னோடு கவுண்டரில் இருந்தவளுக்கு எழுதினேன். அவளுக்கும் அந்த மடித்த ஃபாரம் ஞாபகமிருக்கும். என்ன எழுதினேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. அட்டைதானே, வழியில் படிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம். முத்திரையைக் கையால் குத்த முடியுமானால் குத்துங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி இணைத்தேன்.

வழிகாட்டி வாங்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெறும் கையால்.

"நீங்கள் தபாலில் வேலை பார்த்தவரா?"

"எப்படித் தெரியும்?"

"தலையை இவ்வளவு நேராக வேறு யார் ஒட்டுவார்கள்?"

ஏறுவது இறங்கியதைவிட மோசம். இந்தப் பாதை அடுத்த வருஷ டிசம்பரில் மண்சரிவில் அறுந்து மூடப்படப் போகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. வெயில் முதுகில். மகள் இரண்டு வளைவு முன்னால் நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். "முட்டி தாங்குதாம்மா?" தாங்கவில்லை. பதிமூன்றாவது எண்ணருகே உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் பாதி வழி. கீழே ஓடுதளம் ஒரு சாக்குக்கட்டிக் கோடு மாதிரி தெரிந்தது. அதன் ஒரு முனையில் சின்ன வெள்ளை விமானம். அது ஓடி, எழும்பி, கடல்மேல் வளைந்து, என் கண் மட்டத்துக்கு வந்து, பிறகு தலைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தேன். இன்னும் பதிமூன்று.